கையால் செய்த மிதிவண்டியும் செய்தவன் பெயரும்

 

இன்றைய பதிவு மிதிவண்டியின் வரலாற்றைப் பற்றியது. தமிழாசிரியனுக்கு மிதிவண்டியில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க எனக்கொரு காரணம் இருந்தது. முதலில் அதனைச் சொல்லிவிடுகிறேன்.

2018ஆம் ஆண்டு எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நடந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை என் எதிரே அமர்ந்தார். அவருடைய மகனின் மதிப்பீட்டு அறிக்கையில், "பாடத்தில் நாட்டமில்லை, கவனம் சிதறுகிறது" என்று நான் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "ஐயா, இவன் பள்ளி விட்டதும் சைக்கிள் கடையிலதான் நிக்கிறான். மூணு பழைய சைக்கிளப் பிரிச்சு ஒண்ணா ஆக்கி வச்சிருக்கான். அடிச்சும் பாத்துட்டேன், கேக்கல. அடுத்த வருசம் யூபிஎஸ்ஆர். இந்த வேலையெல்லாம் எதுக்காவது உதவுமா, நீங்களே சொல்லுங்க."

நான் வழக்கமான அறிவுரைகளைச் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். ஆனால், அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. மூன்று வண்டிகளைப் பிரித்து ஒன்றாக்குவதற்குக் கவனம் வேண்டாமா? அந்தக் கவனத்தை நான் ஏன் கவனிக்கவில்லை?

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இத்தாலியைச் சேர்ந்த டாரியோ பெகொரெட்டி என்பவர் தமது 62ஆம் வயதில் காலமானார். அவர் கையாலேயே மிதிவண்டிச் சட்டகம் செய்தவர். அச்செய்தியைப் படித்தபோதுதான், அவருடைய வண்டிகள் முன்னரே ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தன என்பதை அறிந்தேன். அங்கிருந்து என் தேடல் தொடங்கியது.

அருங்காட்சியகத்தில் மிதிவண்டி

2010ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஆகஸ்டு மாதம் வரையில், நியூயார்க் நகரிலுள்ள கலை மற்றும் வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் கையால் செய்யப்பட்ட மிதிவண்டிகளின் கண்காட்சி நடைபெற்றது. தையற்காரர் ஒருவருக்கென்று அளவெடுத்துச் சட்டை தைப்பதைப் போன்று, ஒருவருக்கென்றே அளவெடுத்துச் செய்த வண்டி என்பதே அதன் தலைப்பின் பொருள். நெசவுத்துணித் தொழிலில் இருந்த மைக்கேல் மகரம் என்பவரும், மிதிவண்டி செய்யும் சாஷா வைட் என்பவரும் இணைந்து அக்கண்காட்சியை அமைத்தனர்.

அறுவரின் வண்டிகள் அங்கே இடம்பெற்றன. மைக் ஃபிளானிகன், ஜெஃப் ஜோன்ஸ், டாரியோ பெகொரெட்டி, ரிச்சர்ட் சாக்ஸ், பீட்டர் வைகல், சாஷா வைட் ஆகியோரே அவர்கள். ஓவியரின் பெயர் ஓவியத்தின் அருகில் இருப்பதைப் போன்று, வண்டிக்கு அருகில் வண்டி செய்தவரின் பெயர் இருந்தது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், மிதிவண்டியின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

கொல்லரும் வண்டி செய்வோரும் தந்த பொருள்

1817ஆம் ஆண்டு செருமனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்கள் கொண்ட மரவண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதி கிடையாது. காலால் தரையை உதைத்து உதைத்தே செல்ல வேண்டும். முன்சக்கரத்தில் மிதி பொருத்திய வண்டி 1860களில் பாரிசில் தோன்றியது. பியேர் மிஷோ என்ற கொல்லரின் பெயரோடுதான் அவ்வண்டி புகழ்பெற்றது. ஆனால், அதற்கான காப்புரிமையை 1866இல் அமெரிக்காவில் பெற்றவர் பியேர் லாலெமான் என்ற வண்டித் தொழிலாளி. அவர் 1891இல் போஸ்டன் நகரில் எவ்விதப் புகழுமின்றி இறந்தார். இருவருள் யார் முதல்வர் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இருவருமே கையால் வேலை செய்து பிழைத்தவர்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

பின்னர் இத்தொழில் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகருக்குச் சென்றது. அங்கே அதனைத் தொடங்கியது ஒரு தையல் இயந்திரத் தொழிற்சாலை. அதில் பணியாற்றிய ஜேம்ஸ் ஸ்டார்லி மிதிவண்டியில் பல திருத்தங்களைச் செய்தார். அவருடைய அண்ணன் தம்பி வழியில் வந்த மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் 'ரோவர்' என்னும் வண்டியை உருவாக்கினார். ஏறக்குறைய ஒரே அளவிலான இரு சக்கரங்கள், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலி என்ற இன்றைய அமைப்பு அதிலிருந்துதான் நிலைபெற்றது.

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அவர் அதனைச் செய்து பார்த்தார். ஆயினும், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தது பின்னர் தெரியவந்தது. ஆகவே, டன்லப்பின் உரிமை செல்லாததாயிற்று. இருப்பினும் உலகம் டன்லப்பின் பெயரைத்தான் நினைவில் வைத்துள்ளது.

மிதிவண்டிக் கடையில் பிறந்த வானூர்தி

ரைட் சகோதரர்களைப் பற்றி நாம் வகுப்பில் பாடம் நடத்துகிறோம். அவர்கள் வானூர்தியைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லி அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுகிறோம். அவர்களின் தொழில் என்ன என்று எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

வில்பர் ரைட்டும் ஓர்வில் ரைட்டும் 1892இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை திறந்தனர். 1896 முதல் தங்கள் சொந்தப் பெயரிட்ட வண்டிகளைக் கையாலேயே செய்து விற்றனர். 'வான் கிளீவ்' என்பது அவற்றுள் உயர்ந்த வகை. இருவருமே உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் பெறாதவர்கள். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் பறந்த அவர்களின் வானூர்தியில், விசிறிகளைச் சுழற்றியது மிதிவண்டியில் உள்ளதைப் போன்ற பற்சக்கரமும் சங்கிலியுமே.

அந்த வானூர்திக்கு வேண்டிய இலேசான எஞ்சினைச் செய்து தர நிறுவனங்கள் முன்வரவில்லை. அதனைச் செய்தவர் சார்லி டெய்லர். அவர் அவர்களுடைய மிதிவண்டிக் கடையில் வேலை பார்த்தவர். ஏறத்தாழ ஆறு வாரங்களில், கடையிலிருந்த சில கருவிகளைக் கொண்டே எஞ்சினைச் செய்து முடித்தார். நமது பாடங்களில் அவர் பெயர் இல்லை. நானும் இருபது ஆண்டுகளுக்கு அருகில் கற்பித்த பின்னரே அதனை அறிந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆலை வந்தது; பட்டறையும் பிழைத்தது

1890களில் மிதிவண்டி செய்யும் பெரிய ஆலைகள் பெருகின. வண்டியின் விலை குறைந்தது. இதனைக் குறையாகச் சொல்ல வரவில்லை. விலை குறைந்ததனால்தான் தொழிலாளிகள் மிதிவண்டி வாங்க முடிந்தது. ஆனால், ஆலை ஒரு சில அளவுகளில்தான் வண்டி செய்யும். வாங்குபவர் அதற்கேற்பத் தம் உடலை வளைத்துக்கொள்ள வேண்டும். நெடுந்தூரம் செல்வோரும் பந்தயத்தில் ஓடுவோரும் தமக்கேற்ற வண்டியைத் தேடியபோது, இங்கிலாந்து, பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளில் சிறு பட்டறைகள் நிலைத்தன.

அப்பட்டறைகளுக்குப் பேருதவியாக அமைந்தது ஒரு குழாய். பர்மிங்காம் நகரில் ஆணி செய்யும் குடும்பத் தொழிலில் இருந்த ஆல்பிரட் ரெனால்ட்ஸ் 1897இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குழாயின் இரு முனைகளும் தடிப்பாக இருக்கும். நடுப்பகுதி மெல்லியதாக இருக்கும். நெருப்புப் படும் இடமும் பாரம் தாங்கும் இடமும் முனைகளே. ஆதலால், அங்கே மட்டும் உலோகத்தைக் கூட்டி, நடுவில் குறைத்தார். அதனால் வண்டியின் எடை குறைந்தது, வலிமை குறையவில்லை. 1935இல் அந்நிறுவனம் வெளியிட்ட '531' என்னும் எஃகுக் குழாய் பல்லாண்டுகள் பட்டறைக்காரர்களின் விருப்பமாக விளங்கியது.

சட்டகம் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஓட்டுபவரின் காலுயரம், முதுகின் நீளம், கையின் நீளம் ஆகியன அளக்கப்படும். அவ்வளவுகளைக் கொண்டு முழு அளவில் வரைபடம் வரையப்படும். ஒரு குழாய் மற்றொன்றின் வளைவில் இடைவெளியின்றிப் பொருந்தும்படி அதன் முனை அரத்தால் அராவப்படும். மூலைகளில் 'லக்' எனப்படும் உறை போன்ற துண்டுகள் மாட்டப்படும். பிறகு பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி அவ்விடுக்கில் ஓடவிடுவர். நம் பொற்கொல்லர்கள் நகையில் பற்றாசு வைத்து ஊதுவார்களே, அதே வேலைதான். எஃகு உருகுவதற்கு ஏறக்குறைய 1,500 பாகை வெப்பம் வேண்டும். பித்தளைப் பற்றாசுக்கு 900 பாகை அளவே போதும். வெள்ளிக் கலவைக்கு அதனினும் குறைவு. வெப்பம் மிகுந்தால் குழாய் நலியும். குறைந்தால் பற்றாசு உள்ளே ஓடாது. உலோகத்தின் நிறம் மாறுவதைப் பார்த்தே வேலை தெரிந்தவர் நெருப்பை விலக்குவார். எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 'உற்றுநோக்கல்' என்று ஒரு திறனைப் பற்றி விரிவுரை கேட்டிருக்கிறேன். அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அறுவருள் சிலர்

ரிச்சர்ட் சாக்ஸ் 1953இல் பிறந்த அமெரிக்கர். பள்ளிப்படிப்பை முடித்த வயதில், தம்மை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுமாறு இங்கிலாந்திலுள்ள பல பட்டறைகளுக்குக் கடிதம் எழுதினார். இலண்டனின் டெட்ஃபோர்ட் பகுதியில் இருந்த விட்கோம்ப் என்னும் குடும்பப் பட்டறை அவருக்கு இடமளித்தது. அங்கே தொழில் பழகித் தாயகம் திரும்பி, 1975இல் கனெக்டிகட் மாநிலத்தில் சொந்தப் பட்டறை அமைத்தார். பல்லாண்டுகள் தனியொருவராகவே சட்டகங்கள் செய்தார். வாங்க விரும்புவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

பீட்டர் வைகலும் அதே விட்கோம்ப் பட்டறையோடு தொடர்புடையவர். நெடுந்தூரப் பயணத்திற்கான வண்டிகளைச் செய்பவர். பாரிசின் பழைய பட்டறைக்காரர்களின் முறையை ஆழ்ந்து கற்றவர். ஜெஃப் ஜோன்ஸ் டைட்டானியக் குழாய்களை வளைத்து மலைப்பாதை வண்டி செய்தார். மைக் ஃபிளானிகனின் வண்டிகள் சந்தைக்கும் வேலைக்கும் செல்வோருக்கானவை. பொருள்களை ஏற்றிச் செல்லக்கூடியவை. கண்காட்சியை அமைத்த சாஷா வைட், 1999இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் தொழிலைத் தொடங்கியவர்.

என் மனத்தில் ஆழமாக நின்றவர் பெகொரெட்டிதான். வெரோனாவில் தம் மாமனார் மிலானியின் பட்டறையில் தொழில் கற்றார். புகழ்பெற்ற பந்தய வீரர்களுக்குச் சட்டகங்கள் செய்து தந்தார். ஆனால், அவ்வண்டிகள் வேறு நிறுவனங்களின் பெயர் ஒட்டப்பட்டே பந்தயத்திற்குச் சென்றன. வீரர் வென்றார்; நிறுவனம் விளம்பரம் பெற்றது; செய்தவரின் பெயர் வண்ணப்பூச்சின் அடியில் மறைந்தது. பிற்காலத்தில் அவர் தம் பெயரிலேயே வண்டிகளைச் செய்தார். ஒன்றைப்போல் மற்றொன்று இராதபடி தம் கையாலேயே வண்ணம் தீட்டினார். 2007இல் புற்றுநோய்க்கு ஆளாகி, மீண்டு வந்து மறுபடியும் பட்டறையில் நின்றார். மறைக்கப்பட்ட அந்தப் பெயர் 2010இல் அருங்காட்சியகச் சுவரில் இருந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இத்தகைய வண்டிகளின் விலை மிக அதிகம். நம்மைப் போன்றோர் வாங்கக்கூடியவை அல்ல. காத்திருக்கும் பொறுமையும் பணமும் உள்ளவர்களுக்கே அவை கிடைக்கும். ஆகவே, எல்லாரும் கையால் செய்த வண்டியையே ஓட்ட வேண்டும் என்பது என் கருத்தன்று. அந்த வேலைக்குக் கிடைத்த மதிப்பைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நம் தோட்டமும் அந்த டயரும்

டன்லப் காப்புரிமை பெற்ற அதே 1888ஆம் ஆண்டில்தான் என்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். 1877இல் இலண்டனிலிருந்து அங்கே வந்து சேர்ந்த 22 இரப்பர் நாற்றுகளின் வழிவந்த மரங்கள் அப்போது வளர்ந்திருந்தன. மரத்தைச் சாகவிடாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி ஆராய்ந்து பரப்பினார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் இரப்பரைத் தோட்டப் பயிராகப் பயிரிட்டார். மிதிவண்டி டயர் தொடக்கிவைத்த இரப்பர்த் தேவையை மோட்டார் வண்டி பன்மடங்காக்கியது. அந்தத் தேவைதான் நம் பாட்டன் பாட்டிமாரைக் கப்பலேற்றி இம்மண்ணுக்குக் கொண்டுவந்தது.

என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. அவரிடம் ஒரு பழைய ராலே மிதிவண்டி இருந்தது. ஆலையில் செய்ததுதான். விடியுமுன் பெரட்டுக்கு அதில்தான் செல்வார். பின்னால் பால் வாளிகள் தொங்கும். சக்கரம் கோணினால் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்ப்பார். ஓசை தளர்ந்த கம்பியை முறுக்குவார். அவரிடம் அளவுகோல் இல்லை. லயத்திலிருந்த மற்றவர்களின் வண்டிகளையும் அவர்தான் பார்த்துக் கொடுப்பார். "நீ படிச்சு வாத்தியாராகணும், இந்த வேலைக்கு வரக்கூடாது" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொன்னதில் பால்வெட்டின் துன்பம் இருந்தது. அது நியாயம். ஆனால், அதைக் கேட்டு வளர்ந்த நான் அவருடைய துன்பத்தோடு சேர்த்து அவருடைய திறமையையும் தாழ்வாக எண்ணப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கத்தோடுதான் அம்மாணவனின் அறிக்கையில் அவ்வரியை எழுதினேன்.

பிறகு நடந்தது

மறுவாரமே அம்மாணவனை அழைத்துப் பேசினேன். அவன் இணைத்த வண்டியைப் பற்றிக் கேட்டேன். வகுப்பில் பத்துச் சொல் சேர்ந்தாற்போல் பேசாதவன், ஒரு வண்டியின் முன்கவை மற்றொரு வண்டியின் சட்டகத்தில் ஏன் முதலில் பொருந்தவில்லை என்பதை அரைமணி நேரம் விளக்கினான். அதையே கட்டுரையாக எழுதச் சொன்னேன். எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன. ஆனால், முதன்முறையாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். பிழைகளை நானும் அவனும் சேர்ந்தே திருத்தினோம்.

ஆண்டிறுதியில் சிற்றுண்டிச் சாலையின் ஓரத்தில் மாணவர் கைவேலைகளைக் காட்சிக்கு வைத்தோம். அவனது மிதிவண்டியும் இருந்தது. அருகில் ஓர் அட்டையில் அவன் பெயரை எழுதி வைத்தோம். வேலை முடிந்து வந்த அவனுடைய தந்தை வெகுநேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பின்னர்க் குனிந்து, "இந்தப் பிரேக் கம்பி கொஞ்சம் தளர்வா இருக்குடா" என்று மகனிடம் சொன்னார். இருவரும் அங்கேயே உட்கார்ந்து அதை முறுக்கினார்கள்.

அவன் 2019இல் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வே நம் நாட்டில் நடந்த இறுதி யூபிஎஸ்ஆர் தேர்வாக அமைந்தது. 2020இல் தொற்றுநோயால் தேர்வு நடைபெறவில்லை. 2021இல் அது அகற்றப்பட்டது. தேர்வு போய்விட்டது. ஆனால், புள்ளிகளைக் கொண்டு பிள்ளைகளை அளக்கும் நம் பழக்கம் போய்விட்டதா என்பதை நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களே, படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாக்ஸ் கடிதம் எழுதத் தெரிந்ததனால்தான் பட்டறைக்குள் நுழைந்தார். டெய்லர் எஞ்சினைச் செய்யக் கணக்கும் வேண்டியிருந்தது. கையையும் ஏட்டையும் எதிரெதிராக நிறுத்தாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரிய நண்பர்களே, அடுத்த அறிக்கையில் "கவனம் சிதறுகிறது" என்று எழுதுமுன், அக்கவனம் எங்கே சென்று நிற்கிறது என்று ஒருமுறை அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.